காலாபாணிக்கு வரும் கனவான்கள்

மார்கழி பிறந்துவிட்டால் கராச்சர்மாவில் கோழி கூவுமுன்னே வண்டிகள் விழித்துக்கொள்கின்றன. பின்னிரவு மூன்று மணிக்கெல்லாம் நம் தெருக்களில் வாடகை வண்டி ஓட்டும் அன்பர்களின் வீடுகளில் விளக்கெரிகிறது. அடுப்பில் தேநீர் கொதிக்கிறது. பாராதாங் செல்லும் பிரயாணிகளை நகரத்து விடுதிகளிலிருந்து ஏற்றிக்கொண்டு, ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் காலை முதல் வண்டித் தொடர் புறப்படுமுன் வரிசையில் நிற்கவேண்டும் என்பது அவர்கள் கவலை. சற்றுப் பொழுது ஏறியதும், தெற்கேயுள்ள கடற்கரைகளை நாடிச் செல்லும் வண்டிகள் நம் ஊர் வழியே அணிவகுத்துச் செல்கின்றன. கண்ணாடிக்குள்ளே அமர்ந்திருக்கும் முகங்களை ஒரு கணம் காண்கிறோம்; பின் அவை மறைந்துவிடுகின்றன.

அம்முகங்கள் எவரை நாடி, எதை நாடி வருகின்றன? பத்து ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் நாடியதும் இன்று வருகின்றவர்கள் நாடுவதும் ஒன்றுதானா? இக்கேள்வி செல்வந்தரின் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்விதானே, நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். அவ்வாறன்று. இந்தத் தீவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பலவற்றின் அன்றாடச் சோறு அக்கேள்வியின் விடையைப் பொறுத்திருக்கிறது. சோறு மட்டுமன்று, நம் குழாயில் வரும் தண்ணீரும், பொங்கலுக்கு ஊர் செல்லும் விமானச் சீட்டும்கூட அவ்விடையைப் பொறுத்தே இருக்கின்றன.

அண்டை வீட்டில் வாழும் ஓட்டுநர் அன்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கூறினார்: “அண்ணே, முன்னெல்லாம் வண்டியில் ஏறியதும், இன்றைக்கு எத்தனை இடம் காட்டுவாய் என்று கேட்பார்கள். ஏழு என்றால் முகம் மலரும்; ஐந்து என்றால் பேரம் தொடங்கும். இப்போது வருகிற பெரிய மனிதர்கள், ஒரே இடத்தில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வா என்கிறார்கள். அங்கே என்னதான் செய்வார்கள் என்று ஒருநாள் ஒளிந்து நின்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை அண்ணே. சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.”

அவர் வேடிக்கையாகச் சொன்ன அந்தச் சொற்களில், உலகெங்கும் செல்வந்தரின் பிரயாண விருப்பத்தில் ஏற்பட்டிருக்கும் மாறுதல் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அஞ்சிய தீவும் விரும்பும் தீவும்

முதலில் நம் தீவின் கதையையே எண்ணிப் பார்ப்போம். மனித விருப்பம் எத்துணை விந்தையாக மாறக்கூடியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பைக் கூறும் கல்வெட்டில் நக்கவாரம் என்னும் பெயரால் நிக்கோபார் இடம்பெறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் அறிந்திருந்த கடல்வழி இது. எனினும் வெளியிலிருந்து இத்தீவுகளுக்கு விரும்பி வந்து தங்கியவர் மிகச் சிலரே. 1858-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இங்கே தண்டனைக் குடியிருப்பை நிறுவியது. 1896-இல் தொடங்கி 1906-இல் சிற்றறைச் சிறைச்சாலையைக் கட்டி முடித்தது. ‘காலாபாணி’ என்ற ஒரு சொல்லைக் கேட்டாலே தாய்மார்கள் நடுங்கிய காலம் அது. கடல் கடந்து அனுப்பப்பட்டவன் திரும்புவான் என்று எந்த வீடும் நம்பியதில்லை.

அதே சிறைச்சாலை 1979-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. இன்று மாலைதோறும் அதன் முற்றத்தில் ஒளியும் ஒலியும் கொண்ட காட்சி நடைபெறுகிறது. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். விலங்கிட்டு ஏற்றிவந்த கடலின் மேல், இன்று சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேலான பொழுதில் பறந்து வருகிறார்கள். கப்பலில் வருவோருக்கு மட்டும் இன்றும் ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகின்றன. அந்த மூன்று நாட்களின் அலைச்சலை நம் முன்னோர் அறிவார்கள். நம்மில் பலரும் அறிவோம்.

1980-ஆம் ஆண்டளவில் இங்கு வந்த உல்லாசப் பிரயாணிகளின் தொகை ஆண்டொன்றுக்குப் பத்தாயிரத்தை ஒட்டியே இருந்தது. அக்காலத்தில்தான், 1982-இல், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா அமைத்த ‘பே ஐலண்ட்’ விடுதி போர்ட் பிளேரின் மலைச்சரிவில் எழுந்தது. பணம் படைத்தோர் தங்குதற்கென ஏற்பட்ட தொடக்ககால விடுதிகளுள் அது ஒன்று. 2004-ஆம் ஆண்டில் ‘டைம்’ இதழ் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்று புகழ்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து நம் வாழ்வையே புரட்டிப்போட்டது. அத்துயரிலிருந்து மெல்ல மெல்ல எழுந்தோம். 2014-இல் மத்திய அரசு ஊழியர்கள் விடுமுறைப் பிரயாணச் சலுகையில் விமானம் ஏறி இங்கு வருவதற்கு விதிகள் தளர்த்தப்பட்டன. 2010-இல் ஏறத்தாழ இரண்டு லட்சமாக இருந்த பிரயாணிகள் தொகை, 2017-இல் ஐந்து லட்சத்தை நெருங்கிற்று.

இத்தீவுக் கூட்டத்தின் மக்கள்தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மூன்று லட்சத்து எண்பதாயிரம். அவர்களுள் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். ஆக, ஓராண்டில் வரும் விருந்தினர் தொகை வீட்டுக்காரர் தொகையை மிஞ்சிவிட்டது. 2023 ஜூலைத் திங்களில் திறக்கப்பெற்ற புதிய விமான நிலையக் கட்டடமோ, ஆண்டுக்கு ஐம்பது லட்சம் பேரை ஏற்கும் அளவிற்கு அமைக்கப்பட்டிருக்கிறது. ஊரின் பெயர்களும் மாறின. 2018-இல் ஹேவ்லாக் சுவராஜ் தீவாகவும், நீல் சகீத் தீவாகவும் ஆயின. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர் மாறுவது ஒரு நாளில் நடந்துவிடுகிறது. விருப்பம் மாறுவது அவ்வளவு எளிதாகக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பழகப் பழகப் பாலும் புளிக்கும்

செல்வந்தர் ஓரிடத்தை விரும்புவதும், பின் அதை விட்டு வேறிடம் தேடுவதும் இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. அதற்கென்று ஓர் இயல்பு இருக்கிறது. முதலில் செல்வர் சிலர் ஓரிடத்தைக் காண்கின்றனர். பாதை பிறக்கிறது. பாதை வழியே பலர் வருகின்றனர். பலர் வந்த பின், முதலில் வந்தவர் வேறிடம் செல்கின்றனர்.

பிரான்சு நாட்டின் தென்கடற்கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமான்கள் அங்கே குளிர்காலத்தில் மட்டுமே சென்றனர். விக்டோரியா மகாராணியாரும் 1890-களில் குளிருக்கு ஒதுங்கி நீஸ் நகரை நாடினார். கோடை வந்ததும் விடுதிகளை அடைத்துவிடுவார்கள். வெயிலில் மேனி கறுப்பது உழவருக்கும் கூலிகளுக்கும் உரியது என்பது அக்காலத்தார் எண்ணம். 1920-களில் அவ்வெண்ணம் தலைகீழாயிற்று. வெயிலில் காய்ந்து மேனி பழுப்பதே நாகரிகம் என்று ஆயிற்று. கோடையில் விடுதிகள் திறக்கப்பட்டன. 1936-இல் பிரெஞ்சு அரசு தொழிலாளர்க்கு ஊதியத்துடன் இரு வார விடுமுறை வழங்கிச் சட்டம் செய்யவே, எளியோரும் கடற்கரைக்கு வந்தனர். கடல் மாறவில்லை, கதிரவனும் மாறவில்லை. மனிதர் மனம் மாறிற்று.

நம் தமிழகத்துக் கதையும் இதுவே. 1820-களில் கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் மாளிகை கட்டினார். பின்னர்ச் சென்னை மாகாண அரசே கோடையில் அங்கு குடியேறிற்று. ஆங்கிலேயரைப் பின்பற்றிச் சமஸ்தானத்து மன்னர்களும், ஜமீன்தார்களும், வணிகப் பெருமக்களும் அங்கே பங்களாக்கள் கட்டினர். சமையற்காரர், ஏவலாளர், பாத்திரம் பண்டங்கள் முதலியவற்றுடன் புறப்பட்டு, ஒரு மாதம், இரண்டு மாதம் தங்கித் திரும்புவார்கள். மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிற்று. பின்னர்ப் பேருந்தும், அதன் பின்னர் மோட்டார் வண்டியும் பெருகின. இன்று நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்வோர் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெற்றே செல்லவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மலை தாங்காது என்னும் நிலை வந்துவிட்ட பின், மன அமைதி தேடும் செல்வர் அங்கு நில்லாமல் வேறு திசை நோக்குவது இயல்பே.

அவர்களுள் ஒரு சாரார் சிங்கப்பூர், மலேயா, ஐரோப்பா என்று கடல் கடந்தனர். பத்து நாளில் எட்டு நாடு பார்த்துத் திரும்பிப் படம் காட்டிப் பெருமை பேசினர். அந்தக் காலமும் மெல்லக் கழிந்துவருகிறது.

இன்று அவர்கள் நாடுவது யாது?

இன்று வசதி படைத்தோர் விடுமுறையில் நாடுவனவற்றை நான்காகப் பகுத்துக் கூறலாம்.

முதலாவது, நிதானம். பல இடங்களை ஓடிப் பார்ப்பதினும் ஓரிடத்தில் பல நாள் தங்குவதையே அவர்கள் விரும்புகிறார்கள். பழைய ஜமீன்தார் உதகையில் மாதக்கணக்கில் தங்கியதை நினைத்துப் பார்த்தால், இது புதுமையன்று. பழைய வழக்கம் புதிய உடை உடுத்தித் திரும்பியிருக்கிறது என்பது விளங்கும்.

இரண்டாவது, தனிமை. பெரிய விடுதி, பெரிய கூடம், பல நூறு அறைகள் என்பது ஒரு காலத்துப் பெருமை. இப்போது அறைகள் குறைந்த இடமே மதிப்புடையதாகிறது. ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரையை ஒட்டி 2018-இல் தாஜ் நிறுவனம் திறந்த விடுதி, அடுக்கு மாளிகையாக எழாமல், மரங்களினூடே 72 தனிக் குடில்களாக அமைந்திருப்பது இக்காரணம் பற்றியே. மாலத்தீவில் 1972-இல் முதல் உல்லாச விடுதி தோன்றியது முதல், ஒரு தீவுக்கு ஒரே விடுதி என்னும் முறை வளர்ந்தது. கொள்ளை நோய்க் காலத்தில் அந்நாடு 2020 ஜூலையிலேயே தன் கதவைத் திறந்தது. பிற நாடுகள் அடைத்திருந்தமையால் இந்தியச் செல்வர் அங்கே திரண்டனர்; 2021 முதல் 2023 வரை அந்நாட்டிற்கு வந்தோரில் இந்தியரே முதலிடம் பெற்றனர். 2024-இன் தொடக்கத்தில் இரு நாடுகளுக்கும் இடையே மனத்தாங்கல் ஏற்பட்டதும் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. அவ்வேளையில் பலருடைய கண்கள் இலட்சத்தீவையும் நம் அந்தமானையும் நோக்கித் திரும்பின. ஒரு மாதத்துச் செய்தி எத்தனை ஆயிரம் பேரின் வழியை மாற்றிவிடுகிறது என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

மூன்றாவது, அனுபவம். பார்ப்பதோடு நில்லாமல் தாமே ஒன்றைச் செய்து பார்க்க விரும்புகிறார்கள். கடலடியில் மூழ்கிப் பவளப் பாறைகளைக் காண்பது அவற்றுள் ஒன்று. உள்ளூர்ச் சமையலை அருகிருந்து கற்பதும் மற்றொன்று. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும், பர்மாத் தேக்கில் எழுந்த பழைய வீடுகள் சில விருந்தினர் விடுதிகளாகி, வெளிநாட்டார் ஆத்தங்குடித் தரையில் அமர்ந்து இலையில் உண்பதைக் காண்கிறோம். பெரிய நகரத்து ஐந்து நட்சத்திர விடுதியில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. ஒரு குடும்பத்தின் வாழ்வு எப்படி இருந்தது என்னும் உணர்ச்சியே அது.

நான்காவது, மனச்சான்று. தம் வரவால் அவ்விடம் கெட்டது என்னும் பழி தமக்கு வேண்டாம் என எண்ணுவோர் தொகை பெருகியிருக்கிறது. அதில் உண்மையும் உண்டு, பகட்டும் உண்டு. ஆனால் உண்மையாக எண்ணுவோர் கேட்கும் கேள்விகள் நல்லவை. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்தக் குப்பை எங்கே போகிறது? இங்கே வேலை செய்வோர் இந்த ஊரார்தாமா? இக்கேள்விகளை அவர்கள் கேட்குமுன் நாம் கேட்டிருக்கவேண்டும்.

வரவும் செலவும்

இனி நம் வீட்டுக் கணக்கிற்கு வருவோம். உல்லாசப் பிரயாணத்தால் நமக்கு வரவு இல்லை என்று எவரும் கூற முடியாது. வண்டி ஓட்டுவோர், படகில் பணிபுரிவோர், விடுதிச் சமையற்காரர், துணி வெளுப்போர், கட்டட வேலை செய்வோர், காய்கறிக் கடை வைத்திருப்போர் என்று நம்மவர் பலர் இதனால் வாழ்கின்றனர். 2020 மார்ச்சில் நோய்க்கு அஞ்சித் தீவின் வாயில் அடைக்கப்பட்டபோது, வண்டிகள் வாசலில் துருப்பிடித்து நின்ற அந்த மாதங்களை நாம் மறக்கவில்லை. தவணை கட்ட முடியாமல் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்த கதைகளை நம்முள் பலர் அறிவர்.

விருந்தினரின் விருப்பம் மாறும்போது வரவு வந்து சேரும் கையும் மாறுகிறது. முன்னர் ஏழு இடம் சுற்றியவர், ஏழு இடத்தில் தேநீர் குடித்தார், இளநீர் வாங்கினார், சிப்பிச் சாமான் வாங்கினார். இன்று ஒரே விடுதியில் நான்கு நாள் தங்குபவர் முன்னவரினும் பன்மடங்கு செலவிடுகிறார். ஆனால் அப்பணம் விடுதியின் வாயிலைத் தாண்டி வெளியே வருவது குறைவு. ஓட்டுநர் அன்பர் இதையும் சொன்னார்: “அன்றைக்கு ஓடியது இருபது கிலோமீட்டர்தான் அண்ணே. எண்ணெய்ச் செலவு மிச்சம். ஆனால் வழியில் இருக்கிற கடைக்காரர் எல்லாம், ஏன் நிறுத்தாமல் போகிறாய் என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.”

செலவுப் பக்கம் மூன்று இனங்கள் உள்ளன. ஒன்று, விமானக் கட்டணம். பொங்கல், தேர்வு விடுமுறை, கிறிஸ்துமஸ் ஆகிய நாட்களிலேதான் நாம் ஊருக்குச் செல்ல விரும்புகிறோம். அதே நாட்களிலேதான் அவர்கள் இங்கு வர விரும்புகிறார்கள். சீட்டு விலை ஏறுகிறது. ஊரில் பெற்ற தாய் கண்மூடினாள் என்று செய்தி வந்த அன்று, ஒரு மாதச் சம்பளத்தைச் சீட்டுக்குக் கொடுத்தும் இடம் கிடைக்காமல், கொள்ளி வைக்கும் பொழுதைத் தொலைபேசியில் கேட்டறிந்த மகன்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். உல்லாசத்திற்கு வருவோருக்கு விலை ஏறினால் நாளை மாற்றிக்கொள்ளலாம். துக்கத்திற்குச் செல்வோருக்கு நாளை மாற்றும் உரிமை இல்லை.

இரண்டு, உணவுப் பொருள் விலை. காய்கறியும் பருப்பும் பெரும்பாலும் கப்பலில் வருவன. கப்பல் தாமதித்தால் விலை ஏறும். அதனோடு விருந்தினர் கூட்டமும் சேர்ந்தால் நல்ல மீன் விடுதிகளுக்கே போய்விடும். கடல் சூழ்ந்த ஊரிலே மீன் வாங்க யோசிக்கும் நிலை ஏற்படுகிறது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, தண்ணீர். நம் தீவில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் இரு மடங்கிற்கும் மேல். எனினும் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கிறோமே, ஏன்? மலைச்சரிவான தீவு, ஓடைகள் சிறியன, பெய்த மழை வெகு விரைவில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. நகரமும் சுற்றூர்களும் பெரும்பாலும் தனிக்காரி அணையையே நம்பியிருக்கின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை அரிது, அணை வற்றும். வானம் தெளிந்து, கடல் அமைதியுற்று, விருந்தினர் மிகுதியாக வருவதும் அதே மாதங்களிலேதான். மழைக்காலத்தில் தண்ணீர் உண்டு, விருந்தினர் இல்லை. கோடையில் விருந்தினர் உண்டு, தண்ணீர் இல்லை. நம் துன்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பது பழமொழி. விருந்தோம்பலில் தமிழன் பின்வாங்குபவன் அல்லன். ஆனால் வீட்டுக் குழந்தையின் குடத்தைக் கவிழ்த்து விருந்தினரின் நீச்சற்குளத்தை நிரப்புவது விருந்தோம்பல் ஆகாது.

விலைக்கு வராதவை

செல்வம் எல்லாவற்றையும் வாங்கிவிடும் என்ற எண்ணம் பிரயாணிகளில் சிலருக்கு உண்டு. வாங்கக் கூடாதவை இரண்டு இத்தீவில் இருக்கின்றன.

ஒன்று, ஆதிகுடிகளின் வாழ்வு. 1956-ஆம் ஆண்டிலேயே பழங்குடியினர் பாதுகாப்பு விதி இங்கே ஏற்பட்டது. பெருஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. 2002-இல் உச்சநீதிமன்றம் அச்சாலையை மூடப் பணித்தும் அது இன்றளவும் திறந்தே இருக்கிறது. பிரயாணிகள் உணவைக் காட்டி அம்மக்களை ஆடச் சொல்லிய படங்கள் 2012-இல் வெளியாகி உலகமே நம்மைப் பார்த்து வெட்கியது. “இதுவரை எவரும் காணாததைக் காணவேண்டும்” என்னும் புதிய ஆசை, செல்வரின் விருப்பங்களுள் மிகக் கொடியது. 2018-இல் வட சென்டினல் தீவில் சட்டத்தை மீறி இறங்கிய அமெரிக்க இளைஞர் உயிரிழந்தார். அவர் சென்றது மதப்பணிக்காக. ஆயினும், தனித்து வாழ விரும்புவோரைத் தனித்து வாழ விடாத மனம் இரண்டிற்கும் பொது. வண்டி ஓட்டும் நம் அன்பர்களுக்கு இதில் பெரும் பொறுப்பு உண்டு. கையில் எத்தனை நோட்டைத் திணித்தாலும் அக்காட்டில் வண்டியை நிறுத்தாத ஓட்டுநனே நம் ஊருக்குப் பெருமை தேடித் தருபவன்.

மற்றொன்று, பவளப் பாறை. 2010-ஆம் ஆண்டுக் கோடையில் கடல் சூடேறி, இத்தீவுகளின் பவளங்கள் பெருமளவில் வெளிறிப் போயின. வெப்பத்தை நம்மால் தடுக்க இயலாது. காலால் மிதிப்பதையும் நங்கூரம் எறிவதையும் குப்பை போடுவதையும் தடுக்க இயலும். வண்டூரை அடுத்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில், ஜாலி பாய் தீவையும் ரெட் ஸ்கின் தீவையும் ஒரே காலத்தில் திறந்து வைப்பதில்லை. பருவம் மாற்றி ஒன்றுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக் பொருள்களையும் உள்ளே விடுவதில்லை. இவ்வழக்கத்தைப் பிரயாணிகள் குறையாகச் சொல்வதில்லை. நம் தீவில் தாம் கண்டவற்றுள் நேர்த்தியானது இதுவே என்று வியந்து செல்கின்றனர்.

பிற நாடுகளும் இப்பாடத்தைக் கற்றுவருகின்றன. தாய்லாந்தின் மாயா விரிகுடா, கூட்டம் தாங்காமல் 2018 ஜூன் முதல் 2022 ஜனவரி வரை மூடப்பட்டு, பவளம் வளர இடம் தரப்பட்டது. பிலிப்பைன்சின் போராகாய் தீவை 2018-இல் ஆறு மாதம் மூடிச் சாக்கடைகளைச் சீர் செய்தார்கள். பூடான் நாடு வெளிநாட்டாரிடம் நாளொன்றுக்கு நூறு டாலர் வளர்ச்சிக் கட்டணம் பெறுகிறது. இந்தியரிடம் 1,200 ரூபாய் பெறுகிறது. சிலர் வந்தாலும் போதும், வந்தவரால் நாடு கெடாதிருக்கவேண்டும் என்பது அந்நாட்டின் கொள்கை.

நாம் செய்யத்தக்கவை

மாறிவரும் இந்த விருப்பத்தை நாம் நமக்கு நன்மையாக்கிக்கொள்ள இயலுமா? இயலும் என்பதே என் கருத்து.

நிதானத்தை விரும்பும் விருந்தினருக்கு, இடம் காட்டுபவனைவிட விளக்கம் சொல்பவனே தேவை. நம் பிள்ளைகள் தீவின் வரலாற்றையும், பறவை, மரம், பவளம் ஆகியவற்றின் பெயர்களையும் முறையாகக் கற்றால், ஏழு இடம் ஓடிச் சம்பாதித்ததை ஓரிடத்தில் நின்று சம்பாதிக்கலாம். கடலடியில் மூழ்குதற்குரிய பயிற்சிச் சான்று பெற்ற இளைஞனுக்கு இன்று மதிப்பு உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் வண்டிச் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், இன்னும் இரண்டு ஆண்டு கற்பிக்கப் பெற்றோர் முன்வரவேண்டும்.

அனுபவத்தை விரும்புவோருக்கு நம் வீடுகளே செல்வம். இராமநாதபுரத்து மீன்குழம்பும், திருநெல்வேலிச் சொதியும், வங்காளத்து அண்டை வீட்டார் கற்றுத் தந்த கடுகு மீனும் ஒரே அடுப்பில் வேகும் ஊர் நம் கராச்சர்மா. வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தில் காவடி எடுத்துச் செல்வோரில் மொழி வேற்றுமை காண இயலுமா? நம்முடைய கலப்பு வாழ்வு எந்த விடுதியிலும் விலைக்குக் கிடைக்காது. இரண்டு அறை மிகுதியாயுள்ளவர்கள், முறையான உரிமம் பெற்று, வீட்டு விருந்தினரை ஏற்பது பற்றி எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அதற்குமுன் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்க்கும் ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும். தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டில் வீடுதோறும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு மழை பெறும் நாம் அரசின் கட்டாயத்திற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, சங்கம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மரணம், பிணி ஆகிய காரணங்களால் உடனடியாகத் தாயகம் செல்லவேண்டிய தீவுவாசிகளுக்கு ஒவ்வொரு விமானத்திலும் சில இடங்கள் நியாய விலையில் ஒதுக்கப்படவேண்டும் என்றும், பெரிய விடுதிகள் தமக்கு வேண்டிய நீரை மழைநீர்ச் சேமிப்பாலும் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியாலும் தாமே தேடிக்கொள்ளவேண்டும் என்றும் ஒருமித்த குரலில் விண்ணப்பம் செய்யலாம். தமிழர் மட்டுமன்றி, வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், இராஞ்சியார் ஆகிய எல்லோருக்கும் பொதுவான குறை இது. எல்லோரும் கையெழுத்திட்டால்தான் அவ்விண்ணப்பத்திற்கு வலிமை உண்டாகும்.

செல்வரின் விருப்பம் காற்றைப் போன்றது. இன்று நம் பக்கம் வீசுகிறது. நாளை வேறு தீவின் பக்கம் திரும்பலாம். நீஸ் நகரம் அதைக் கண்டது, உதகை கண்டது, மாலத்தீவு நம் கண்ணெதிரே கண்டது. காற்று வீசும்போது பாய் விரிக்கத் தெரியவேண்டும். காற்று நின்றாலும் துடுப்புப் போடக் கையில் வலிமை இருக்கவேண்டும். வீட்டில் தண்ணீரும், பிள்ளைக்குக் கல்வியும், அண்டை வீட்டாரோடு ஒற்றுமையும் இருக்குமாயின், கனவான்கள் வந்தாலும் நலம், வாராது போயினும் நாம் வாழ்வோம்.

ஓட்டுநர் அன்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். “சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்றீர்களே, அவர்கள் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?” அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “கடலைத்தான் அண்ணே. நாம் தினமும் பார்க்கிற அதே கடல். நானும் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.”